காலேஜ் ஃபுட்பால் ஆஃபருக்கு காத்திருக்கீங்களா? கோச் பாக்குறதுக்கு முன்னாடி பையன் அக்கவுண்டை நீங்க பாத்துடுங்க

போன ஜூன்ல ஒரு கேம்ப்புக்கு பையனை கூட்டிட்டு போயிருந்தேன். டெக்சாஸ் வெயில், டர்ஃப் மேல நின்னா ஷூவுக்குள்ள கால் வேகும். ட்ரில் முடிஞ்சு தண்ணி குடிக்க வந்தவன் கிட்ட ஒரு காலேஜ் கோச் வந்து எந்த ஸ்கூல், எந்த இயர், ஜிபிஏ எவ்ளோனு கேட்டார், அடுத்த கேள்வி எக்ஸ்ல (பழைய ட்விட்டர்) உன் பேர் என்னனு. இவன் சொன்னதும் அங்கயே நின்னு ஃபோனை எடுத்து கட்டை விரலால தள்ளிக்கிட்டே போனார். ஹைலைட் வீடியோ பின் பண்ணி முதல்லயே இருக்கு, அதை அவர் தொடவே இல்ல, நேரா ரிப்ளை எல்லாம் இருக்குற இடத்துக்கு போய் ஒரு நிமிஷம் போல படிச்சார். அப்புறம் தலையை ஆட்டிட்டு "சரி, இந்த வீக் உன் ஃபிலிம் பாக்குறேன்"னு சொல்லிட்டு அடுத்த பையன் கிட்ட போயிட்டார்.

நான் பக்கத்துல ஐஸ் கூலரை பிடிச்சிட்டு நின்னுட்டு இருந்தேன், கை நடுங்கிடுச்சு. அதே அக்கவுண்டை அவர் ஏப்ரல்ல பாத்திருந்தார்னா ஃபிலிம் (அவன் ஆடின வீடியோ) வரைக்கும் போயிருக்கவே மாட்டார், அது எனக்கு நல்லா தெரியும். ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவுல நாங்க என்ன பண்ணோம்ங்கறத தான் இங்க எழுதுறேன். அமெரிக்கால இருக்குற நம்ம வீட்டு பசங்க இப்ப நிறைய பேர் ஹைஸ்கூல் டீம்ல ஆடுறாங்க, ஆனா இந்த ரெக்ரூட்டிங் எப்படி நடக்குதுன்னு நமக்கு சொல்லி தர ஆள் இல்ல, நம்ம அண்ணன் அக்கா யாரும் இந்த வழியில போனதில்லையே. (நான் சொல்றது அமெரிக்கன் ஃபுட்பால், ஹெல்மெட் போட்டு ஆடுறது.)

முதல்ல கணக்கை புரிஞ்சுக்கோங்க

இந்த நாட்டுல ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆடுற பசங்க சுமார் 10 லட்சம் பேர். அதுல டிவிஷன் ஒன் (காலேஜ் ஆட்டத்துல மேல் பிரிவு) வரைக்கும் போறது நூத்துக்கு மூணு பேர் இருந்தா அதிகம். மேல் மட்டத்துல இருக்குற காலேஜ் 130 சொச்சம். 2025ல ஹவுஸ் கேஸ் (காலேஜ் பிளேயர்களுக்கு பணம் குடுக்குறது பத்தின வழக்கு) செட்டில்மெண்ட் வந்ததுக்கு அப்புறம் அதுல சேந்த காலேஜ்ல டீமுக்கு 105 பேர் தான்னு லிமிட் வந்துடுச்சு, அதுலயும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (காலேஜ் மாற நெனைக்குற பிளேயர் பேர் குடுக்குற லிஸ்ட்) வழியா ஏற்கனவே காலேஜ்ல ஆடின பசங்களை எடுத்துக்குறாங்க, அதனால ஹைஸ்கூல்ல இருந்து நேரா போற பையனுக்கு இடம் முன்ன மாதிரி இல்ல.

இதோட அர்த்தம் என்னன்னா, கோச் கையில இருக்குற லிஸ்ட்ல உங்க பையனை மாதிரியே உயரம், அதே ஸ்பீடு, அதே மார்க் இருக்குற இன்னும் இருபது பேர் இருக்காங்க. அவருக்கு வேண்டியது லிஸ்டை சின்னதாக்க ஒரு காரணம். 2014லயே பென் ஸ்டேட்ல கோச்சா இருந்த ஹெர்ப் ஹேண்ட், ஒரு பையனோட சோஷியல் மீடியாவை பாத்துட்டு இன்னைக்கு காலைல அவனை லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டேன்னு வெளிப்படையா ட்வீட்டே போட்டார். அந்த பையன் யாருன்னு அவர் சொல்லல. பையனுக்கே தெரிஞ்சிருக்குமானு யோசிச்சு பாருங்க. இதுல எனக்கு ரொம்ப வலிக்கிறது இது தான், யாரும் ஃபோன் பண்ணி உன்னை ஏன் விட்டோம்னு சொல்ல மாட்டாங்க, மெசேஜ் வர்றது நிக்கும், அவ்ளோ தான், பையன் நம்ம ஆட்டம் பத்தலன்னு நெனச்சு இன்னும் வெயிட் தூக்கிட்டு இருப்பான்.

இன்னொன்னு, ஆஃபர்ங்கறது வாய் வார்த்தை. கமிட் ஆகிட்டேன்னு, அதாவது இந்த காலேஜுக்கு தான் வரேன்னு, போஸ்ட் போடுறதும் வாய் வார்த்தை தான். டிசம்பர்லயோ பிப்ரவரிலயோ பேப்பர்ல கையெழுத்து போடுற வரைக்கும் ரெண்டு பக்கமும் யாரையும் கட்டுப்படுத்தாது. 2022 நவம்பர்ல ஃபுளோரிடா யுனிவர்சிடிக்கு கமிட் ஆகியிருந்த ஒரு குவார்ட்டர்பேக், கார்ல உக்காந்து ஒரு ராப் பாட்டை கூடவே பாடி வீடியோ போட்டான், பாட்டுல வர்ற N-வேர்டையும் (கருப்பினத்தவங்களை கேவலமா சொல்ற வார்த்தை) சேத்து பாடிட்டான். கையெழுத்து போட ஒரு மாசம் தான் பாக்கி, ஆஃபர் போச்சு. அதுக்கு பத்து வருஷம் முன்னாடி, 2012 ஜனவரில நியூ ஜெர்சில ஒரு கார்னர்பேக், ரெக்ரூட்டிங் ரேட்டிங்ல நாலு ஸ்டார் வாங்கினவன், ட்வீட்ல அசிங்க அசிங்கமா எழுதினதுக்காக ஸ்கூலே அவனை வெளிய அனுப்பிடுச்சு, மிச்சிகன் அவனை விட்டுடுச்சு, கடைசில கொலராடோ போனான். பேரெல்லாம் வேணாம், அந்த பசங்க வாழ்க்கை அவங்களோடது, நமக்கு வேண்டியது என்ன நடந்ததுங்கறது மட்டும்.

ஞாயித்துக்கிழமை, கிச்சன் டேபிள்

நான் பண்ண முதல் தப்பு, ஃபோனை பிடுங்கி பாத்தது. அவன் கதவை சாத்திக்கிட்டான், ரெண்டு நாள் பேசல. அப்புறம் அவங்க அப்பா ஒரு வழி சொன்னார், போலீஸ் மாதிரி தேடாத, கோச் எப்படி ஃபிலிம் பாக்குறாரோ அந்த மாதிரி அவனையே பாக்க சொல்லு, நீ பக்கத்துல உக்காருன்னு. அது வேலை செஞ்சுது. ஞாயித்துக்கிழமை மதியம், டேபிள் மேல அவன் லேப்டாப், ஒரு நோட்டு, பேனா. எத்தனை அக்கவுண்ட் இருக்குன்னு எழுதுன்னு சொன்னேன், திட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணேன். எனக்கு தெரிஞ்சது மூணு. அவன் எழுதினது எட்டு. ஆறாங்கிளாஸ்ல கேம் விளையாடி வீடியோ போட்ட ஒரு யூடியூப் சேனல், ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேருக்கு மட்டும்னு ஒரு ரெண்டாவது இன்ஸ்டா, இப்படி.

ஒவ்வொன்னா பழசுல இருந்து பாத்துட்டு வந்தோம். நாலு மணி நேரம் ஆச்சு. முக்கால்வாசி ஒண்ணுமில்ல, நாய் ஃபோட்டோ, பர்கர் ஃபோட்டோ. அப்புறம் ஒரு இடத்துல அவன் கை நின்னுடுச்சு. அவனுக்கு 12 வயசு இருக்கும்போது ஃப்ரெண்டு ஒருத்தன் ஃபோட்டோ கீழ, ஓரினச்சேர்க்கையாளர்களை கேவலமா சொல்ற ஒரு வார்த்தையை கமெண்டா போட்டிருந்தான், கீழ நாலு பேர் சிரிச்சிருக்காங்க. "அம்மா அப்ப எல்லாரும் அப்படி தான் பேசுவாங்க, அர்த்தமே தெரியாது"ன்னான். எனக்கு தெரியும்டா, உன்னை எனக்கு தெரியும், ஆனா உன்னை தெரியாத ஒருத்தர் இதை மட்டும் பாத்தா என்ன நெனப்பார், அதை விடு, உன் டீம்ல அந்த மாதிரி ஒரு பையன் இருந்து அவன் இதை படிச்சா அவனுக்கு எப்படி இருக்கும்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தான். அப்புறம் அவனே அழிச்சான்.

இது பெரிய பெரிய பிளேயருக்கே நடந்திருக்கு. 2018 டிசம்பர்ல கைலர் மர்ரி ஹைஸ்மன் டிராஃபி (அந்த வருஷத்தோட சிறந்த காலேஜ் பிளேயர் விருது) வாங்கின அதே ராத்திரி, அவர் டீனேஜ்ல போட்ட அதே மாதிரி வார்த்தை இருக்குற ட்வீட் எல்லாம் வெளிய வந்துச்சு. அதே வருஷம் ஏப்ரல்ல ஜோஷ் ஆலன், என்எஃப்எல் டிராஃப்ட்டுக்கு (புரொஃபஷனல் டீம் எல்லாம் வரிசையா பிளேயரை எடுக்குற நாள்) சில மணி நேரம் முன்னாடி, ஹைஸ்கூல்ல போட்ட இனவெறி ட்வீட் வந்துச்சு. ரெண்டு பேரும் மன்னிப்பு கேட்டாங்க, ஆலனை பஃபலோ ஏழாவதா எடுத்துக்கிச்சு. ஆனா அவங்க அந்த அளவுக்கு திறமைசாலிங்க, வயசும் ஆயிடுச்சு, எழுந்து நின்னு பேச முடிஞ்சுது. 16 வயசு பையனுக்கு அந்த சான்ஸ் கிடைக்கிறது கஷ்டம்.

N-வேர்டு பத்தி நம்ம வீட்ல தனியா பேசியே ஆகணும். நம்ம பசங்க லாக்கர் ரூம்ல கருப்பின பசங்களோட தான் வளர்றாங்க, ஒரே பாட்டு கேக்குறாங்க, கூட ஆடுறவன் சகஜமா சொல்றான், நம்மளும் பிரவுன் தானே, சொன்னா என்னன்னு ஒரு நெனப்பு வந்துடுது. வரலாறு என்னன்னு உக்கார வெச்சு சொல்லுங்க. ஆஃபர் போயிடும்ங்கறதுக்காக மட்டும் இல்ல, களத்துல பக்கத்துல நின்னு அவனுக்காக பிளாக் பண்றவனோட தாத்தாவை அந்த வார்த்தையால அடிச்சிருக்காங்க, அது தெரிஞ்சா அவனே சொல்ல மாட்டான். பாட்டுல வந்தாலும் வாய் மூடிக்கணும், ஸ்டோரில பேக்ரவுண்ட்ல ஓடுற பாட்டு கூட கவனிக்கணும்.

எங்கெல்லாம் பாக்கணும்

எக்ஸ்ல போஸ்டை மட்டும் பாக்காதீங்க, ரிப்ளை பக்கத்தை பாருங்க, ரீபோஸ்ட் பண்ணது எல்லாம் பாருங்க, கோச் கண்ணுக்கு ரீபோஸ்டும் சொந்த பேச்சும் ஒண்ணு தான். லைக் பண்ணது மத்தவங்களுக்கு தெரியாத மாதிரி 2024 ஜூன்ல மாத்திட்டாங்க, அதுக்கு முன்னாடி யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிருந்தா அது இருக்கும். அட்வான்ஸ்டு சர்ச்ல அவன் பேரும் தேதியும் போட்டு வருஷம் வருஷமா தேடலாம், கெட்ட வார்த்தை ஒவ்வொன்னா போட்டும் தேடுங்க, சங்கடமா தான் இருக்கும், பரவால்ல. செட்டிங்ஸ்ல இருந்து மொத்த டேட்டாவையும் முதல்ல டவுன்லோட் பண்ணி வெச்சுக்கிட்டு அப்புறம் அழிங்க, என்ன இருந்துச்சுன்னு உங்க கையில ஒரு காப்பி இருக்கணும், நாளைக்கு யாராவது போலியா ஒரு ஸ்க்ரீன்ஷாட் காட்டினா இல்லன்னு சொல்ல அது உதவும்.

இன்ஸ்டால அவன் போட்டதை விட மத்தவங்க அவனை டேக் பண்ணது தான் பிரச்சனை. பார்ட்டில யாரோ கையில பியர் கேன், பின்னாடி உங்க பையன் நிக்குறான், குடிச்சானா இல்லையானு யாரும் கேக்க போறதில்ல. டேக்கை எடுத்துடுங்க, இனிமே அவன் ஓகே சொன்னா தான் டேக் வரணும்னு செட்டிங் மாத்துங்க. யுவர் ஆக்டிவிட்டினு ஒரு இடம் இருக்கு, போட்ட கமெண்ட் எல்லாத்தையும் அங்க மொத்தமா பாத்து அழிக்கலாம். டிக்டாக்ல ரீபோஸ்ட் பக்கம். டிஸ்கார்டுல கேம் ஆடும்போது பேசினது. வென்மோவை பாதி பேர் மறந்துடுவாங்க, யார் யாருக்கு பணம் அனுப்பினாங்க, எதுக்குனு எழுதினது எல்லாம் பப்ளிக்கா இருக்கலாம், பீட்ஸாவுக்கு பணம் அனுப்பிட்டு விளையாட்டா வேற ஏதோ எமோஜி போட்டு வெச்சிருப்பாங்க, உடனே பிரைவேட்டுக்கு மாத்துங்க.

ஸ்கூல்லயோ போலீஸ்லயோ ஏதாவது விசாரணை ஓடிட்டு இருந்தா மட்டும் ஒண்ணையும் அழிக்காதீங்க, முதல்ல வக்கீல் கிட்ட கேளுங்க.

லாக் பண்ணிட்டேன், 24 மணி நேரத்துல போயிடும், அதெல்லாம் நம்பாதீங்க. பென்சில்வேனியால 2017ல ஒரு பொண்ணு, சியர்லீடர், சீனியர் டீம்ல எடுக்காம ஜூனியர் டீம்லயே வெச்சிட்டாங்கன்னு கோவத்துல ஸ்னாப்சாட்ல கெட்ட வார்த்தை போட்டா, ஒரு 250 ஃப்ரெண்ட்ஸ் தான் பாக்க முடியும், தானா அழிஞ்சுடும். அதுல ஒருத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கோச் கிட்ட காட்டிட்டா, ஒரு வருஷம் சஸ்பெண்ட். கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2021ல 8க்கு 1னு அந்த பொண்ணு பக்கம் தீர்ப்பு வந்துச்சு, மஹனாய் கேஸ்னு சொல்வாங்க. இதை சொல்லி சில பசங்க எனக்கு பேச்சுரிமை இருக்குன்னு சொல்றாங்க. இருக்கு, அரசு ஸ்கூல் தண்டிக்க கூடாதுங்கறதுக்கு அந்த உரிமை உதவும். ஆனா ஒரு கோச் உங்க பையனை கூப்பிடாம இருக்குறதுக்கு எதிரா எந்த கோர்ட்டுக்கு போறது.

பாஸ்வேர்டு யார் கேட்டாலும் குடுக்காதீங்க. காலேஜ் இப்படி கேக்க கூடாதுன்னு கலிஃபோர்னியால 2012லயே சட்டம் போட்டுட்டாங்க, வேற சில மாநிலத்துலயும் இருக்கு. ஃபாலோ பண்றேன்னு சொன்னா பண்ணட்டும், அதோட நிறுத்திக்கணும்.

அக்கவுண்டை மூடிட்டா போதாது

சில பேர் பயந்து எல்லாத்தையும் டிலீட் பண்ணிடுறாங்க. அது சரி வராது, ஏன்னா இந்த ஆட்டத்துல கோச் பசங்களை தேடுறதே அங்க தான். டிவிஷன் ஒன் கோச் நேரடியா மெசேஜ் அனுப்ப ஜூனியர் இயர் (பதினொன்னாங்கிளாஸ்) வாக்குல வரைக்கும் காத்திருக்கணும், அதுக்கு முன்னாடி கேம்ப் விவரம், பையனை பத்தி விவரம் கேக்குற ஃபார்ம் மாதிரி சிலது தான் அனுப்பலாம். 2016 ஆகஸ்ட்ல இருந்து போஸ்டை லைக் பண்ணலாம், ரீபோஸ்ட் பண்ணலாம், ஆனா கையெழுத்து ஆகாத பையனை பத்தி பப்ளிக்கா கமெண்ட் எழுத கூடாதுன்னு என்சிஏஏ (காலேஜ் விளையாட்டை நடத்துற அமைப்பு) ரூல். கிளிக் பண்ணலாம், டைப் பண்ண கூடாதுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. அதனால ஒன்பதாங்கிளாஸ் பையனுக்கு பெரிய காலேஜ் கோச்னு சொல்லிட்டு டிஎம்ல ஆஃபர் இருக்கு, பணம் கட்டுன்னு ஒருத்தர் வந்தா அது ஏமாத்து வேலை. காலேஜோட வெப்சைட்ல இருக்குற ஆபீஸ் நம்பருக்கு நீங்க ஃபோன் பண்ணி கேளுங்க, அவர் குடுத்த நம்பருக்கு இல்ல.

பயோல பேர், கிராஜுவேஷன் இயர், பொசிஷன், உயரம், வெயிட், ஜிபிஏ, ஸ்கூல் கோச்சோட காண்டாக்ட். வீட்டு அட்ரஸ், உங்க நம்பர் வேணாம். உயரத்துல ரெண்டு இஞ்ச் கூட்டி போடாதீங்க, கேம்ப்ல முதல் வேலையே அளக்குறது தான், அளந்து குறைஞ்சா மத்த நம்பரையும் நம்ப மாட்டாங்க. ஹட்ல் (ஆட்ட வீடியோ போடுற சைட்) வீடியோ பின் பண்ணுங்க, நல்ல அஞ்சு ப்ளே முதல்லயே வரட்டும்.

ஆஃபர் வந்துச்சுன்னு போஸ்ட் போடுறதுக்கு முன்னாடி பையன் வாய் விட்டு கேக்கணும், கோச், இது கமிட்டபிள் ஆஃபரா, இன்னைக்கு நான் வரேன்னு சொன்னா எடுத்துப்பீங்களானு. சில பேர் உன் மேல கண்ணு வெச்சிருக்கோம்னு சொல்றதை இவன் ஆஃபர்னு எடுத்துட்டு போஸ்ட் போட்டுடுவான், அந்த ஊர் கோச் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பழக்கம், ஒரு ஃபோன்ல தெரிஞ்சுடும். கமிட் ஆகும்போதும் அப்படி தான், ஒரு வருஷமா பேசிட்டு இருந்த மத்த கோச்சுக்கு எல்லாம் முதல்ல ஃபோன் பண்ணி நன்றி சொல்லிட்டு அப்புறம் போஸ்ட். அவங்க அதை எக்ஸ்ல பாத்து தெரிஞ்சுக்க கூடாது. இதை என் பையன் பண்ணப்ப ஒரு கோச் சொன்னார், நாளைக்கு போர்ட்டல்ல வந்தா என்னை கூப்பிடுன்னு.

கோச் அனுப்பின மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போடவே கூடாது. பணம் பத்தின பேச்சு எதுவும் வேணவே வேணாம். 2016 டிராஃப்ட் அன்னைக்கு லாரமி டன்சிலோட அக்கவுண்டை யாரோ ஹேக் பண்ணி, அவர் கேஸ் மாஸ்க் போட்டு புகை பிடிக்கிற வீடியோவை போட்டாங்க, அப்புறம் காலேஜ் ஆள் கிட்ட வாடகைக்கு பணம் கேட்ட மெசேஜும் வந்துச்சு. ரொம்ப மேல போக வேண்டியவர் 13வதா போனார். அவர் போஸ்ட் பண்ணவே இல்ல, பாருங்க. அதனால டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டோட இன்னொரு கோடும் கேக்குற செட்டிங்) போடுங்க, ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் வேற பாஸ்வேர்டு, பழைய ஃபோனை தம்பிக்கு குடுக்குறதுக்கு முன்னாடி எல்லாத்துலயும் லாக் அவுட்.

ஆட வெக்கலன்னு புலம்பல், ரெஃபரியை திட்டுறது, சொந்த கோச்சை குத்தி காட்டுறது, வியாழக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு போஸ்ட், இதெல்லாம் நிக்கணும். அடிபட்டா அதையும் போடாதீங்க, யார் ஆடுவா யார் ஆட மாட்டாங்கறதை வெச்சு பெட் கட்டுறவங்க இருக்காங்க, காலேஜ் போனதும் இந்த மாதிரி உள் விஷயத்தை பெட் கட்டுறவங்களுக்கு சொல்றதே என்சிஏஏ ரூலுக்கு எதிரா போயிடும், இப்பவே பழக்கம் வரட்டும்.

ஆனா ஒண்ணு, எதை பத்தியும் வாயே திறக்காதன்னு நான் சொல்ல மாட்டேன். 2020 ஜூன்ல ஓக்லஹோமா ஸ்டேட்ல சூபா ஹப்பர்டு தன் ஹெட் கோச் போட்டிருந்த டிஷர்ட் பத்தி ட்விட்டர்ல தைரியமா கேட்டார், கோச் மன்னிப்பு கேட்டார். ஒரு விஷயம் நிஜமா மனசுல இருக்குன்னா எழுதட்டும், ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, காலைல படிச்சு பாத்து, அப்பவும் அதே நெனப்பு இருந்தா.

பெத்தவங்க நாமளும் தான்

கோச் நம்ம ஃபேஸ்புக்கையும் பாப்பாங்க. என் புருஷன் ஒரு தடவை ஆட்டம் முடிஞ்ச கோவத்துல ஸ்கூல் கோச்சை பத்தி நாலு வரி எழுதிட்டார், நான் அரை மணி நேரத்துல எடுக்க வெச்சேன், அதுக்குள்ள ஏழு பேர் லைக்.

நம்ம சொந்தக்காரங்க பாசத்துல போடுற கமெண்ட் இன்னொரு பக்கம். பையன் ஒரு டேக்கிள் வீடியோ போட்டான், அடிச்ச அடில எதிர் டீம் பையன் கீழ விழுந்து கொஞ்சம் மெதுவா தான் எழுந்தான். சேலத்துல இருந்து அவன் சித்தப்பா கீழ "கொன்னுட்ட டா தங்கம், விடாத, அவனுங்களை போட்டு தள்ளு"னு போட்டுட்டார். நமக்கு அது கொஞ்சல். டிரான்ஸ்லேட் பட்டனை அமுக்கினா அது கொலை பண்ண சொல்ற மாதிரி வருது, அவன் டீம்மேட் தான் காட்டினான். சித்தப்பாவுக்கு ஃபோன் பண்ணி சொன்னேன், பாவம், ரொம்ப வருத்தப்பட்டார், இப்பல்லாம் வெறும் கைதட்டல் எமோஜி தான். நீங்களும் ஊர்ல இருக்குறவங்க கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க, வாட்ஸ்அப் ஃபேமிலி குரூப்ல என்ன வேணா பாராட்டட்டும், பப்ளிக்ல வேணாம். குரூப்ல வர்ற ஜாதி, மதம் பத்தின ஃபார்வர்டு எதையும் பையன் ஷேர் பண்ண கூடாதுன்னும் சொல்லுங்க, அர்த்தம் புரியாமலே தட்டி விட்டுடுவாங்க.

விசா விஷயம். பையன் எச்4ல இருந்தா, என்ஐஎல்னு சொல்றாங்களே, ஒரு கடையோட டிஷர்ட்டை போட்டு போஸ்ட் போட்டா பணம் தர்றது, அதை தொடாதீங்க. கூட ஆடுற பையன் வாங்குறான்னு இவனும் வாங்கினா வேலை பண்ண அனுமதி இல்லாம சம்பாதிச்ச மாதிரி ஆயிடலாம், கிரீன் கார்டு வரைக்கும் பிரச்சனை போகும். ஓசில ஷூ குடுத்தாலும் இமிக்ரேஷன் வக்கீல் கிட்ட கேட்டுட்டு வாங்குங்க. கிரீன் கார்டு, சிட்டிசன் பசங்களுக்கும் ஹைஸ்கூல்ல வாங்கலாமாங்கறது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அப்புறம் 2025 ஜூன்ல இருந்து எஃப்1க்கும், டிசம்பர் 15ல இருந்து எச்1பி, எச்4க்கும் விசா அப்ளை பண்றவங்க அக்கவுண்டை பப்ளிக்ல வெக்க சொல்றாங்க, ஸ்டாம்பிங்க்கு ஊருக்கு போற பிளான் இருந்தா மூடி வெச்சிருந்ததெல்லாம் திறக்க வேண்டி வரும், மனசுல வெச்சுக்கோங்க.

இதை மட்டும் தள்ளி போடாதீங்க

ஃபாலோயர் ஏற ஏற தெரியாத பொண்ணுங்க பேர்ல மெசேஜ் வரும். ரெண்டு நாள் நல்லா பேசி, ஒரு ஃபோட்டோ அனுப்பி, இவன் கிட்ட இருந்து ஒரு ஃபோட்டோ வாங்கிட்டு, அடுத்த நிமிஷம் பணம் குடு, இல்லன்னா உன் கோச்சுக்கும் டீமுக்கும் அனுப்பிடுவேன்னு மிரட்டுவாங்க. எல்லாம் கும்பல். 2022ல மிச்சிகன்ல ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆடின ஒரு 17 வயசு பையன் இப்படி மாட்டி, ஒரே ராத்திரில உயிரை விட்டுட்டான். மிரட்டினது நைஜீரியால இருந்த அண்ணன் தம்பி ரெண்டு பேர், 2024ல பதினேழரை வருஷம் ஜெயில். பயோல இருக்குற ஸ்கூல் பேர், டீம் பேர் தான் இந்த மாதிரி கும்பலுக்கு ஆயுதம், நம்ம பசங்க பயோலயும் அதே தான் இருக்கு.

இன்னைக்கு சாப்பிடும்போதே சொல்லுங்க. நீ என்ன ஃபோட்டோ அனுப்பியிருந்தாலும் சரி, எத்தனை மணி ஆனாலும் சரி, என்னை எழுப்பு, நான் திட்ட மாட்டேன், ஆஃபர் போனா போகட்டும்னு. இந்த வார்த்தையை பையன் காதால கேக்கணும், நம்ம வீட்ல மானம் மரியாதைன்னு பேசி பேசி வளத்திருக்கோம், அதனாலயே சொல்ல மாட்டான். அப்படி நடந்தா பணம் அனுப்பாதீங்க, அனுப்பினா இன்னும் கேப்பாங்க. மெசேஜை அழிக்காம அப்படியே வெச்சு பிளாக் பண்ணுங்க, எஃப்பிஐக்கு சொல்லுங்க. டேக் இட் டவுன்னு ஒரு இலவச சர்வீஸ் இருக்கு, காணாம போன குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துறது, 18 வயசுக்குள்ள எடுத்த படத்தை பரவாம தடுக்க உதவும், படத்தை அவங்களுக்கு அனுப்ப வேண்டியதில்ல. பையன் மனசு உடைஞ்சு இருந்தா தனியா விடாதீங்க, 988க்கு (மனசு உடைஞ்சவங்களுக்கான ஹெல்ப்லைன்) எந்த நேரமும் கூப்பிடலாம்.

ஏதாவது வெளிய வந்துடுச்சுன்னா

முதல்ல எதுவும் போஸ்ட் பண்ணாதீங்க, ஃபோனை கீழ வெக்க சொல்லுங்க. ஸ்கூல் ஹெட் கோச்சை கூப்பிடுங்க, அடுத்து ஆஃபர் குடுத்த கோச்சை, அவர் வேற யார் கிட்டயாவது கேக்குறதுக்கு முன்னாடி. பேச வேண்டியது பையன், நீங்க இல்ல. முழுசா சொல்லணும், இன்னும் இருந்தா அதையும் சேத்து சொல்லணும். ஹேக் ஆயிடுச்சுன்னு பொய் வேணாம், அது தெரிஞ்சா பேசவே இடம் இருக்காது. யாரை புண்படுத்துச்சோ அவங்க கிட்ட நேர்ல போய் மன்னிப்பு, அதுக்கு அப்புறம் தான் எழுத்துல. சரி ஆகாமலும் போகலாம். ஃபுளோரிடால ஆஃபர் போன அந்த குவார்ட்டர்பேக் வெஸ்ட் ஃபுளோரிடானு டிவிஷன் டூ காலேஜுக்கு போய் ஆடினான், ஆட்டம் அங்கயும் இருக்கு, டிகிரியும் இருக்கு.

கையெழுத்து போடுற நாள் பத்தி ஒரு சின்ன விஷயம். எல்லாரும் டேபிள்ல தொப்பி வெச்சு பேப்பரோட ஃபோட்டோ எடுப்பாங்க. 2024 அக்டோபரோட பழைய லெட்டர் ஆஃப் இன்டென்ட் போயிடுச்சு, இப்ப அது காலேஜோட எய்டு அக்ரிமெண்ட், அதுல பிறந்த தேதி, வீட்டு அட்ரஸ், ஸ்டூடண்ட் ஐடி, எவ்ளோ பணம்னு எல்லாம் இருக்கலாம். கேமரா முன்னாடி வேற ஒரு வெத்துப் பேப்பரை வைங்க, நிஜ பேப்பர் உங்க ஹேண்ட்பேக்ல இருக்கட்டும். நாங்க அப்படி தான் பண்ணோம், அவன் அன்னைக்கு கையெழுத்து போட்ட மாதிரி ஃபோட்டோல இருக்குறது கணக்கு நோட்டுல இருந்து கிழிச்ச தாள்.